எட்டு வருஷத் தோழி, ஒரு பொய்க் கல்யாணம்: மாறுதல் வாங்கிப் போவதை அவளிடம் எப்படிச் சொல்வது?

கன்னடியன் கால் (வெள்ளி, இரவு 10.20)

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருஷமாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறேன். எழுதுவது முதல் தடவை. ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்று ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன், மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

சேரன்மகாதேவி பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். கணவர் நாகர்கோவிலில் கடை வைத்திருக்கிறார். மகள் அங்கே மாமியார் வீட்டில் இருந்து பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வாரநாளில் நான் மட்டும் சிந்துபூந்துறையில் வாடகை வீட்டில். தினமும் திருநெல்வேலி ஜங்ஷனில் இருந்து செங்கோட்டை பாசஞ்சரில் போய் வருகிறேன்.

அதே பள்ளியில் தமிழ் எடுக்கிறவள் என் தோழி. நாலு வயது மூத்தவள். வாங்க போங்க என்று ஆரம்பித்தது, இரண்டாம் வருஷமே அக்கா, நீ என்று ஆகிவிட்டது. அவளும் பாளையில் தனியாகத்தான் இருக்கிறாள். காலை ஐந்தரைக்கு அவள் போன் வரும்: "எந்திச்சிட்டியாட்டி?" ரயிலில் எனக்குப் பக்கத்து இடத்தில் பையை வைத்துப் பிடித்திருப்பாள். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஒரே நிறச் சேலை. பிள்ளைகள் எங்களை ரெட்டை டீச்சர் என்றுதான் சொல்லும். ஆரம்பத்தில் இதெல்லாம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தனியாக இருக்கிறவளுக்குக் காலையில் ஒரு குரல் கேட்பது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம்தான் அது இறுகிப் போனது. நான் வேறு டீச்சர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால் அவள் டப்பாவைத் திறக்கவே மாட்டாள். அப்படியே சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு போவாள். போனை ஒரு தடவை எடுக்காவிட்டால் ஏழெட்டு தடவை அடிப்பாள். நாகர்கோவிலில் மகளோடு இருக்கும்போதும் அடிப்பாள். பள்ளிக் கல்வித் துறை இணையதளமான எமிஸில் என் கடவுச்சொல் அவளிடம் இருக்கிறது, அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் ஆப்பில் எனக்கு விடுப்புப் போடுகிறதும் அவள்தான். நான்தான் கொடுத்தேன், எனக்கு அந்த வேலையெல்லாம் சோம்பல்.

நன்றி மறந்து எழுதவில்லை. 2023 டிசம்பர் 17, அந்த ஞாயிற்றுக்கிழமை மழைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. இரவில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. மறுநாள் தொடை அளவுத் தண்ணீரில் நடந்து வந்து என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அவள்தான். பதினொரு நாள் அவள் வீட்டு மாடியில் இருந்தேன். என் பட்டச் சான்றிதழ், பி.எட். சான்றிதழ், நியமன ஆணை எல்லாம் நனைந்து ஒட்டிப்போயிருந்தன. தினத்தாள்களுக்கு இடையில் ஒவ்வொன்றாக வைத்து, தினமும் தாள் மாற்றி, கிழியாமல் காயவைத்துக் கொடுத்தாள்.

இப்போது என் பொய்க்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இங்கே எல்லாருக்கும் தெரியும். ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வருஷத்துக்குள் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேறியாக வேண்டும். நாங்கள் இருவரும் டெட் வருவதற்கு முன்னால் வேலைக்கு வந்தவர்கள். சேர்ந்து படிக்கத் தொடங்கினோம். நவம்பர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் அவள் பயந்துவிட்டாள். "இந்தத் தடவை வேண்டாம்ட்டி, அடுத்ததுல ரெண்டு பேரும் சேந்து எழுதுவோம். நீ மட்டும் பாஸாயிட்டா எனக்குக் கையும் ஓடாது" என்றாள். சரிக்கா என்றேன். ஆனால் அவளுக்குத் தெரியாமல் விண்ணப்பித்தேன். மையம் நாகர்கோவிலில் கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவள் என்னோடு சுசீந்திரம் கோயிலுக்கு வருவதாக இருந்தாள். கோவில்பட்டியில் கணவர் வழிச் சொந்தத்தில் கல்யாணம் என்று சொல்லித் தடுத்தேன். "கல்யாணத்துக்கு நல்லதா உடுத்திட்டுப் போ" என்று தன் அரக்குப் பட்டுச்சேலையைக் கொடுத்தனுப்பினாள். அதை உடுத்தாமலே தேய்த்து மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். தேறிவிட்டேன். இன்றுவரை சொல்லவில்லை.

போன மாதம் அம்பையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். மறுநாள் சொதிச் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த டீச்சர் என் பெயரைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார். 2024 கோடையில் மனமொத்த மாறுதலுக்கு (ஒருவர் இடத்துக்கு ஒருவர் மாறிக்கொள்வது) எனக்குப் பேசிவைத்த டீச்சர்தான் அவர். நாகர்கோவில் பக்கம் வேலை, சொந்த வீடு அம்பை. அவரும் கணக்கு. எனக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கவே மாட்டார். அப்போது அவரோடு போனில் பேசியதெல்லாம் என் தோழிதான். "அவங்க வேற ஆள் பாத்துட்டாங்களாம்ட்டி" என்று வந்து சொன்னாள். அந்த டீச்சரோ, "உங்களுக்கு இப்போ மாறுதல் வேண்டாம்னு சொன்னாங்களே" என்கிறார். இஞ்சித் துவையலை இலையில் வைத்தது வைத்தபடி எழுந்துவிட்டேன்.

இரண்டு வருஷம். என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்து பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். "உங்க அக்காவுக்கு வாரத்துல அஞ்சு நாள், எனக்கு ஒண்ணரை நாள்" என்று ஒரு தடவை சொன்னாள், அது வேறு காதில் நிற்கிறது.

அந்த டீச்சர் இப்போதும் தயார் என்கிறார். இந்தக் கலந்தாய்வில் விண்ணப்பிக்கப் போகிறேன். கேள்வி இதுதான்: ஆணை கைக்கு வரும்வரை மூச்சுக் காட்டாமல் இருந்துவிட்டுப் போய்விடுவதா, முன்னாலேயே அவளிடம் சொல்லுவதா?

வாகைக்குளம் (வெள்ளி, இரவு 10.41)

டீச்சர், சொல்லாதீங்க. ஒரு தடவை உங்கள் மாறுதலைக் கெடுத்தவர் இன்னொரு தடவை கெடுக்க மாட்டார் என்று எப்படி நம்புவது? இது நட்பே இல்லை. முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இந்தப் பதிவை மூடிவிட்டு இப்போதே மாற்றுங்கள்.

ஜங்ஷன்காரன் (வெள்ளி, இரவு 10.58)

வாகைக்குளம் சொன்னதற்குச் சேர்த்து: எமிஸ், களஞ்சியம் இரண்டிலும் பதிவான கைபேசி எண் யாருடையது என்று பாருங்கள். அவர் எண்ணாக இருந்தால் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும், கடவுச்சொல்லை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. எங்கள் பள்ளியிலும் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் எல்லாருக்கும் போட்டுக் கொடுக்கிற பழக்கம் இருந்தது. அவர் நல்ல மனுஷன், ஒரு தப்பும் நடக்கவில்லை. ஆனாலும் இப்போது அவரவர் வேலையை அவரவர் பார்க்கிறோம்.

பாளை அண்ணாச்சி (சனி, காலை 6.15)

டீச்சர், நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவை இரவே வாசித்தேன், காலையில் எழுதலாம் என்று இருந்தேன்.

மனமொத்த மாறுதல் என்பது இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் கொடுக்கிற விஷயம். ஒரே பதவி, ஒரே பாடம், இரண்டு பேருக்கும் முழு விருப்பம், இது மூன்றும் இருந்தால்தான் நடக்கும். 2024ல் நீங்கள் அந்த டீச்சருக்கு நேரே ஒரு போன் போட்டிருந்தால் அன்றைக்கே வெளுத்திருக்கும். உங்கள் வாழ்க்கையில் அத்தனை பெரிய காரியத்தையும் இன்னொருவர் வாயில் விட்டிருக்கிறீர்கள். கோபப்படாதீர்கள் தாயி, உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அவர் உங்களை இறுக்கிப் பிடித்தார் என்பது உண்மை. பிடிக்கட்டும் என்று கையை நீட்டியதும் நீங்கள்தான். அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் விடை தப்பாக வரும்.

இன்னொன்று. விண்ணப்பம் தலைமையாசிரியர் மேஜைக்குத்தான் முதலில் வரும். ஆறு பேர் வேலை பார்க்கிற பள்ளியில் அது ஒரு நாள்கூட ரகசியமாக இருக்காது. உங்கள் தோழி அலுவலக அறையில் கேள்விப்படுவதைவிட உங்கள் வாயால் கேட்பது நல்லது. விண்ணப்பத்தை முடித்துவிட்டு அன்றைக்கே சொல்லுங்கள்.

மேலரதவீதி (சனி, காலை 9.02)

எனக்கும் இப்படி ஒருவன் இருந்தான். உடற்கல்வி ஆசிரியர். பத்து வருஷம் ஒரே பைக்கில் போய் வந்தோம். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவன், கல்யாணம் ஆனபிறகு என் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசமாட்டான். வீட்டு வாசலில் நின்று ஹார்ன் அடிப்பான், உள்ளே வரமாட்டான். நான் வேறு ஊருக்கு மாறுதல் கேட்டதை அவனிடம் சொல்லவில்லை. ஆணை வந்த அன்று மதியமே விடுவிப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் அவன் என்னைக் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

போன வருஷம் ஆனித் தேர் அன்று வடம் பிடிக்கிற கூட்டத்தில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. பார்த்தும் பாராமல் தள்ளிப் போனான். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. அவன் செய்ததில் தப்பு இருந்தது, நான் போன விதத்திலும் இருந்தது. என் கருத்து: சொல்லிவிட்டுப் போங்கள்.

கருப்பட்டிக் காப்பி (சனி, பகல் 11.30)

எல்லாரும் டீச்சருக்கே புத்தி சொல்கிறீர்கள். ஒரு தாயை மகளிடம் இருந்து இரண்டு வருஷம் பிரித்து வைத்தவருக்கு என்ன தண்டனை? எட்டு வருஷப் பழக்கத்தில் அந்த அம்மாவின் ரகசியமும் உங்களுக்கு ஒன்றிரண்டு தெரிந்திருக்குமே டீச்சர். அதை வைத்துப் பேசுங்கள். "இனி என் விஷயத்தில் தலையிட்டால் இது வெளியே வரும்" என்று ஒரு வார்த்தை போதும். அடங்கிவிடுவார்.

கன்னடியன் கால் (சனி, பகல் 1.10)

எல்லாருக்கும் நன்றி. கடவுச்சொல்லை ராத்திரியே மாற்றிவிட்டேன். எமிஸில் என் எண்தான் இருந்தது. களஞ்சியத்தில் அவள் எண் இருந்தது, அதையும் மாற்றக் கேட்டிருக்கிறேன்.

கருப்பட்டிக் காப்பி அக்கா, நீங்கள் எழுதியது எனக்குத் தோன்றாததில்லை. தெரியும். அவள் வீட்டு விஷயம் ஒன்று எனக்கு மட்டும் தெரியும். வெள்ளத்து நேரத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாடியில் உட்கார்ந்து ஒரு ராத்திரி முழுக்கச் சொன்னாள். சொந்த அண்ணனுக்குக்கூட அவள் சொன்னதில்லை. சொதிச் சாப்பாட்டுக்குப் போய் வந்த மறுநாள், ஆசிரியர் அறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தபோது அது என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சும்மா பேச்சோடு பேச்சாகச் சொல்வதுபோல ஆரம்பித்தேன். "அக்கா வீட்ல..." என்று தொடங்கினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஏதோ நல்லதாகச் சொல்லப் போகிறேன் என்று நினைத்து. "அக்கா வீட்ல முருங்கை நல்லா காய்ச்சிருக்கு" என்று முடித்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அவள் செய்ததைவிட, அந்த நிமிஷம் நான் செய்ய இருந்ததுதான் என்னை இங்கே எழுத வைத்தது. அந்த விஷயத்தை இங்கேயும் எழுத மாட்டேன், தயவுசெய்து கேட்காதீர்கள்.

அண்ணாச்சி சொன்னதை நாலைந்து தடவை வாசித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. ஆனால் அந்த டீச்சருக்கு நான் ஏன் போன் போடவில்லை என்று யோசித்தால், அக்கா வருத்தப்படுவாளே என்றுதான். அவளுக்குத் தெரியாமல் ஒருத்தரோடு பேசுவதே எனக்குத் திருட்டுத்தனம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும் என்று ஆனபிறகுதான் நான் மறைக்கப் பழகினேன். அதற்கு முன்னால் எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை.

வாகைக்குளம் (சனி, பகல் 1.34)

இரண்டு பொய்யையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் டீச்சர். உங்கள் பொய்யால் அவருக்கு என்ன நஷ்டம்? அவர் நவம்பரில் எழுதாதது அவர் முடிவு. 150 கேள்விக்கு மூன்று மணி நேரம் நீங்கள்தான் உட்கார்ந்து எழுதினீர்கள். அவர் பொய்யால் நீங்கள் இழந்ததோ திரும்ப வராது.

மேலரதவீதி (சனி, பகல் 2.05)

நஷ்டக் கணக்கு சரி. ஆனால் தெரிய வரும்போது சேலை கொடுத்தனுப்பியவருக்கு எப்படி இருக்கும் என்பது அந்தக் கணக்கில் வராது.

மணிமுத்தாறு (சனி, இரவு 11.48)

இந்த இழையை மத்தியானத்தில் இருந்து திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று இருந்தேன். நான் உங்கள் தோழி மாதிரி ஆள். அந்தப் பக்கத்தில் இருந்தவள்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். இயற்பியல் எடுக்கிற ஒரு டீச்சர் மேல் எனக்குப் பாசம் என்று சொல்லலாமா, தெரியவில்லை. அவள் இல்லாவிட்டால் அந்த நாளே விடியாத மாதிரி இருக்கும். வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தாள் என்று ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்ப்பேன். நான் அனுப்பியதை வாசித்துவிட்டுப் பதில் போடவில்லை என்றால் நெஞ்சுக்குள் உரல் இடிக்கிற மாதிரி இருக்கும். அவள் பிறந்தநாளுக்குப் பத்தமடையில் பேர் நெய்யச் சொல்லிக் கோரைப்பாய் வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைத் தன் அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள் என்று தெரிந்ததும் மூன்று நாள் சாப்பிடவில்லை. அவளுக்கும் தெரிகிற மாதிரித்தான் சாப்பிடாமல் இருந்தேன். டப்பாவைத் திறக்காமல் கொண்டு போவது என்று எழுதியிருக்கிறீர்களே டீச்சர், அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

நானும் சின்னச் சின்னதாகப் பொய் சொல்லியிருக்கிறேன். அவளைச் சினிமாவுக்குக் கூப்பிட வந்தவர்களிடம், அவளுக்குத் தலைவலி என்று. அவள் அண்ணி பள்ளிக்கு போன் பண்ணியபோது, அவள் வகுப்பில் இருக்கிறாள் என்று. பொய் சொல்கிறோம் என்றே அப்போது தோன்றாது. மழை வரப் போகிறது, ஜன்னலைச் சாத்துகிறோம் என்கிற மாதிரி இருக்கும். அவளைப் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்தேன். இதைச் சொல்வதால் என் தப்பு குறையாது என்று தெரியும். உங்கள் தோழி உங்களை அழிக்க நினைத்துச் செய்திருக்க மாட்டார் என்று மட்டும் சொல்ல வருகிறேன். ஆனால் அழிவு அழிவுதான்.

அவள் ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு, எண்ணையும் மாற்றிவிட்டுப் போய்விட்டாள். ஜூனில் பள்ளி திறந்த அன்று அவள் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் நாலு மாதம் ஓட்டினேன். பதினோரு கிலோ இறங்கிவிட்டது. அம்மாதான் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா, "அவங்களுக்கு முன்னாடி உங்க நாள் எப்படிப் போச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பா இறந்தது, நிச்சயம் நின்றுபோனது, அதற்கப்புறம் என் நாளில் ஒன்றுமே இல்லாமல்தான் இருந்திருக்கிறது. அந்தக் குழியில் ஒரு ஆளைப் பிடித்துப் போட்டு நிரப்பப் பார்த்தேன். ஒன்றரை வருஷம் போய் வந்தேன். இப்போது வேறு பள்ளியில் வேலை பார்க்கிறேன், ஆட்களோடு பழகுகிறேன்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில். சொல்லிவிடுங்கள். பகலில், ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில், நேரில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், அதை ஆயிரம் தடவை வாசிப்பார். சுருக்கமாகச் சொல்லுங்கள். "அடிக்கடி பேசுவோம்", "மாசம் ஒரு தடவை வாரேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன். முடிந்தால் 14416 எண்ணை எழுதிக் கொடுங்கள். டெலி மானஸ், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

வாகைக்குளம் (ஞாயிறு, காலை 7.20)

மணிமுத்தாறு அக்கா, வாசித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நீங்கள் எழுதியதற்கு நன்றி. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பாதிக்கப்பட்டவரே எதிராளிக்கு மருந்தும் கொடுக்க வேண்டுமா? அந்தச் சுமையும் கன்னடியன் டீச்சர் தலையிலா?

மணிமுத்தாறு (ஞாயிறு, காலை 8.05)

இல்லை. கட்டாயம் ஒன்றும் இல்லை. முடிந்தால் என்றுதான் எழுதினேன். என் தோழி எண்ணை மாற்றிக்கொண்டு போனதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு, இன்றைக்கு அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. டீச்சர் கேட்டதால் சொன்னேன்.

பாளை அண்ணாச்சி (ஞாயிறு, காலை 8.40)

டீச்சர், ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த அம்பை டீச்சரிடம் இன்றைக்கே நீங்களே பேசி, அவர் சம்மதக் கடிதத்தை அவர் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். இரண்டு பிரதி. அதற்கப்புறம் பேச்சு.

கன்னடியன் கால் (செவ்வாய், இரவு 9.15)

சொல்லிவிட்டேன். நேற்று நடந்தது. ஒரு நாள் கழித்துத்தான் எழுத முடிகிறது.

அண்ணாச்சி சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை அம்பைக்கே போய்க் கடிதம் வாங்கிவிட்டேன். திங்கள் காலை தலைமையாசிரியரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். சாயங்காலம் சேரன்மகாதேவி ஸ்டேஷனில் திரும்புகிற ரயிலுக்குக் காத்திருந்தோம். ரயில் இருபது நிமிஷம் தாமதம். நடைமேடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அவள் நுங்கு வாங்கி வந்திருந்தாள், எனக்கு ஒன்றை உரித்துக் கையில் தந்தாள்.

"அம்பைக் கல்யாணத்துல அந்த நாகர்கோவில் டீச்சரைப் பாத்தேன்க்கா" என்றேன்.

உரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, நான்தான் சொன்னேன். நீ போயிட்டா நான் யாரு கூட வருவேன்?" என்றாள். குரலில் கோபமே இல்லை. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது. அந்தக் குரலில்தான் எட்டு வருஷமாக நான் சரி சரி என்று போயிருக்கிறேன். இந்தத் தடவை பரவாயில்லைக்கா என்று என் வாயில் வந்ததை நிறுத்திவிட்டேன். "என் பிள்ளை ரெண்டு வருஷம் அம்மா இல்லாம வளந்துட்டாக்கா" என்று மட்டும் சொன்னேன். விண்ணப்பம் கொடுத்துவிட்டதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. நுங்கை அப்படியே காகிதத்தில் வைத்துவிட்டுத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பங்கை மறைத்துவிட்டு அவள் பங்கை மட்டும் கேட்பது சரியில்லை என்று தோன்றியதால் டெட் எழுதியதையும் சொன்னேன்.

அப்போதுதான் திரும்பினாள். "எப்போ?"

"நவம்பர்ல."

"கோவில்பட்டிக் கல்யாணம்னு சொன்னியே."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"என் சேலையை வாங்கிட்டுப் போனியேட்டி" என்றாள். அப்புறம்தான் அழுதாள். அவள் செய்ததைப் பற்றிக் கேட்டபோது வராத அழுகை சேலைக்கு வந்தது. பக்கத்து பெஞ்சில் இருந்த ஆச்சி எழுந்து வந்து, "என்னம்மா, வீட்ல யாருக்கும் ஒண்ணுமா?" என்று கேட்டாள். அக்கா தலையை ஆட்டினாள்.

வாகைக்குளம், என் பொய்யால் அவளுக்கு நஷ்டம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நடைமேடையில் அப்படி இல்லை.

அந்த வீட்டு விஷயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னேன். "நீ சொன்னது எங்கிட்டேயே இருக்கும், அதுக்கு நீ பயப்பட வேண்டாம்" என்றேன். "அதைப் பத்தி நான் என்னிக்காவது பயந்தேனா?" என்று கேட்டாள். அவளுக்கு அந்த முருங்கைக்காய்ப் பேச்சு தெரியாது.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். காற்றில்லாத இடத்தில் எரிகிற விளக்குப் போல அவள் முகம் அசையாமல் இருந்தது. அடிக்கடி பேசுவோம் என்று நான் சொல்லவில்லை மணிமுத்தாறு. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஜங்ஷன் வருகிற வரைக்கும் தெரிந்தது. 14416ஐ ஒரு தாளில் எழுதி அவள் பையில் வெளி அறையில் வைத்தேன். பார்த்தாள், எடுத்துப் போடவில்லை.

இன்று காலை ஐந்தரைக்கு போன் வரவில்லை. ரயிலில் நான் இருந்த பெட்டிக்கு அவள் வரவில்லை. ஏறியதும் பக்கத்து இடத்தில் பையை வைத்துவிட்டேன், கை அதுவாகவே வைத்துவிட்டது. பேட்டையில் ஒருவர் ஏறி, "ஆள் வராங்களா?" என்று கேட்டபிறகுதான் எடுத்தேன்.

கருப்பட்டிக் காப்பி (செவ்வாய், இரவு 9.50)

டீச்சர், நான் சனிக்கிழமை எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கோபத்தில் எழுதிவிட்டேன். என் அக்கா மகளும் இப்படித் தாயைப் பிரிந்து வளர்ந்தவள், அதனால் பொறுக்கவில்லை. நீங்கள் அதைச் செய்யாமல் விட்டதற்கு நன்றி.

ஜங்ஷன்காரன் (செவ்வாய், இரவு 10.02)

களஞ்சியத்தில் எண் மாறிவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். விடுவிப்பு நேரத்தில் தேவைப்படும்.

மேலரதவீதி (செவ்வாய், இரவு 10.30)

நானும் இன்று அவன் எண்ணைத் தேடி எடுத்தேன். இன்னும் அடிக்கவில்லை.

மணிமுத்தாறு (புதன், மாலை 6.20)

டீச்சர், அவங்க சாப்பிட்டாங்களா?

கன்னடியன் கால் (புதன், இரவு 8.45)

இன்று மத்தியானம் நான் பள்ளியில் இல்லை, விண்ணப்ப விஷயமாக வட்டாரக் கல்வி அலுவலகம் போயிருந்தேன். திரும்பி வந்ததும் சத்துணவு அம்மாவிடம் கேட்டேன். டப்பாவைத் திறந்தாளாம். மூன்றாம் வகுப்பு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாளாம்.